மலைச்சரிவில் நிற்கும் வண்டி

இந்தப் பேச்சின் தலைப்பைக் கேட்டதும், மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் காலம் கழிக்கும் ஒருவனுக்கு வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான ஐயமே. நான் பொறியியல் படித்தவன் அல்லேன், கலைப் பட்டதாரி. தலைநகரில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கிக் கொண்டிருப்பவன். ஆனால் பிறந்து வளர்ந்தது மறையூரில். அந்த ஊரில் பிறந்தவனுக்கு ஜீப் வண்டி மாட்டு வண்டியைப் போல் பழக்கமான பொருள். அதை ஓட்டத் தெரியாதவர் உண்டு. அதில் ஏறாதவர் இல்லை.

மறையூரைப் பற்றி இரண்டொரு சொல். உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி நகர் வழியாகச் சின்னாற்றுக் காட்டைக் கடந்து மூணாறு செல்லும் சாலையில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கடல்மட்டத்திற்குச் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம். கேரளத்து ஆறுகளில் பெரும்பாலானவை மேற்கு நோக்கிப் பாய, எங்கள் பாம்பாறு கிழக்கே திரும்பி அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகிறது. மக்களும் அப்படித்தான், ஆட்சி கேரளத்தில், பேச்சும் பெண் கொடுத்தல் வாங்கலும் தமிழில். சந்தன மரங்களும், பெருங்கற்கால முனியறைகளும், கரும்புத் தோட்டங்களும் ஊரின் அடையாளம். எங்கள் வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மறையூரிலிருந்து மேலே ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காந்தளூர். அங்கே பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், ஆப்பிளும் விளைகின்றன. விளைந்தவை கீழே இறங்க வேண்டும். இறங்குவது ஜீப்பில்.

இந்த ஜீப்புகளின் வரலாறு ஒரு போரின் வரலாறு. அமெரிக்க இராணுவத்திற்காக வில்லீஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் பல, ஏலத்தின் வழியே நம் நாட்டு மலைகளுக்கும் காடுகளுக்கும் வந்து சேர்ந்தன. 1945இல் தொடங்கப்பெற்ற மகீந்திரா நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே வில்லீஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன சி.ஜே. 3பி என்னும் மாதிரி, இங்கே அதன் பிறகும் பல்லாண்டு உற்பத்தியாயிற்று. நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இழுக்கும் இந்த வண்டி ஏறாத மேடு இல்லை என்று பெயர் வாங்கியது. ஏறிய மேட்டில் அசையாமல் நிற்குமா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் தாய்மாமனிடம் அத்தகைய ஜீப் ஒன்று இருந்தது. 1960களில் பிறந்த வண்டி. பழைய பெட்ரோல் எஞ்சின் பெருந்தீனி தின்கிறதென்று, அந்தக் காலத்திலேயே உரிய அதிகாரியிடம் பதிவு செய்துகொண்டு டீசல் எஞ்சின் மாற்றியிருந்தார். பின்னர் ஒரு பட்டறைக்காரர் சொன்னார் என்று, வேறொரு வண்டியிலிருந்து எடுத்த கியர்ப் பெட்டியையும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் பொருத்தினார். பின்சக்கரங்களில் பழைய டிரம்களைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டார். ஓட்டம் அருமையாயிற்று, காலால் மிதித்தால் வண்டி சட்டென்று நின்றது. ஆனால் புதிய பெட்டியில் பழைய கைப்பிரேக்கிற்கு இடம் இல்லை. “கியரில் போட்டு நிறுத்துங்கள், ஒரு கல்லை வையுங்கள், அது போதும்” என்று பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள். மாமா அதை நம்பினார். கல் வைப்பதற்கென்று ஒரு பையனும் வண்டியில் இருந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் நான் ஊர் போயிருந்த சமயம். காந்தளூர்ச் சாலையில் ஒரு சரிவில் வண்டியை நிறுத்திப் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டுவிட்டு மாமா இறங்கினார். பின்பக்கம் மூட்டை ஏற்றியாயிற்று. கடைசி மூட்டையை ஓட்டுநர் ஆசனத்தின் அருகில் திணித்தபோது, அது டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பிடியில் இடித்தது. பிடி நடுநிலைக்கு வந்துவிட்டது. நேயர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. நான்கு சக்கர இழுவை வண்டியில் கியர்ப் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையே டிரான்ஸ்ஃபர் பெட்டி நிற்கிறது. அது நடுநிலையில் இருந்தால், வண்டி எந்தக் கியரில் இருந்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. பையன் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கல் உருண்டது, சக்கரம் அவன் வலக்காலின் மேல் ஏறியது. வண்டி மண்மேட்டில் மோதி நின்றது. இரண்டு விரல்கள் போயின.

உடுமலைப்பேட்டைக்கு வேறொரு ஜீப்பில் அவனைக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றே: “அண்ணா, நான் கல்லைச் சரியாகத்தான் வைத்தேன்.” அவன் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வண்டிக்கு நேர்ந்தது தன் குற்றம் என்றே அவன் நினைத்தான். ஏனென்றால் அந்த வண்டியில் பிரேக் என்று இருந்தது அவன்தான். ஓர் இரும்புக் கம்பியும் ஒரு டிரம்மும் செய்ய வேண்டிய வேலையை ஒரு பதினேழு வயதுப் பையனுக்குக் கொடுத்திருந்தோம். அன்றிரவு மாமா சாப்பிடவில்லை.

எனக்கும் உறக்கம் வரவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மோட்டார் வாகன விதிகளைப் பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு தடை ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96ஆவது விதி. ஒன்று பார்க்கிங் பிரேக். மற்றொன்று காலால் இயக்கும் சர்வீஸ் பிரேக். அகராதியைப் புரட்டி முன்னதை ‘நிறுத்துத் தடை’ என்றும், பின்னதைச் ‘சேவைத் தடை’ என்றும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். சேவைக்குத் தடை என்று படிப்பவர் பொருள் கொள்வாரே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ‘ஒன்றையொன்று சாராத’ என்ற சொற்களின் கனம் அந்தச் சரிவில்தான் எனக்கு விளங்கியது. ஓடும் வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. நின்ற வண்டியை நிற்கவைப்பது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்வது எண்ணெய் அழுத்தம். அழுத்தம் கசியும், மிதிப்பவர் காலை எடுத்தால் போய்விடும். இரண்டாவது வேலைக்கு ஆள் இல்லாதபோதும், எஞ்சின் அணைந்தபோதும், இரவு முழுவதும் பிடி விடாத ஓர் இயந்திரப் பூட்டு வேண்டும்.

மறுவாரம் மாமாவும் நானும், ஜீப் வேலையிலேயே தலை நரைத்த மிஸ்திரி ஒருவரிடம் போனோம். அவர் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வழியாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதைப் பின்னர் நூல்களைப் பார்த்துச் சரி செய்துகொண்டு, இங்கே என் மொழியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சுமையோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டி, 5 அடி போனால் 1 அடி ஏறும் சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 350 கிலோ. நான்கைந்து ஆள் எடை ஓயாமல் கயிறு கட்டி இழுப்பதற்குச் சமம். வண்டிகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 13ஆவது விதி, முழுச் சுமையோடு 18 சதவீதச் சரிவில் நிறுத்துத் தடை மட்டுமே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. ஆக, நாம் எடுத்துக்கொண்ட சரிவு அதைவிடச் சற்றுக் கடினமானது. எங்கள் மலையில் அது அபூர்வமானதும் அன்று.

இந்த விசையை எங்கே பிடிப்பது? பழைய ஜீப்பை வடிவமைத்தவர்கள் சக்கரத்தில் பிடிக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்புறம், பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு டிரம்மை வைத்துப் பிடித்தார்கள். போர்க்கால ஜீப்பில் அந்த டிரம்மை வெளியிலிருந்து ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பிற்பாடு வந்தவற்றில் டிரம்முக்குள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து பிடிக்கும். இதிலுள்ள சூட்சுமம் யாதெனில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றத் தண்டு பல சுற்றுச் சுற்றுகிறது. இவ்வகை ஜீப்புகள் பலவற்றில் அந்த விகிதம் 5.38. ஆகவே சக்கரத்தில் ஐந்து பேர் பிடிக்க வேண்டியதைத் தண்டில் ஒருவர் பிடித்துவிடலாம். சிறிய டிரம்மும் கையால் இழுக்கும் ஒரு பிடியும் பெரிய வண்டியை நிறுத்திவிடுவது இதனால்தான். 1948இல் வந்த லேண்ட் ரோவரும் இம்முறையையே கையாண்டது. அந்த மரபில் வந்த டிஃபெண்டர் 2016இல் உற்பத்தி நிற்கும்வரை இதை விடவில்லை.

குறைகளும் உண்டு. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து, கட்டைகள் வழுக்கும். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே. தண்டையோ அச்சையோ கழற்றினால் பிரேக் இருந்தும் பயனில்லை. வண்டி ஓடும்போது இதை இழுத்தால் மூட்டுகளும் அச்சும் அதிர்ச்சியில் முறியலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின்னச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல். தண்டைப் பிடித்துவிட்டாலும், ஒரு பக்கச் சக்கரம் முன்னே சுற்ற மறுபக்கச் சக்கரம் பின்னே சுற்ற அது இடம் கொடுக்கும். எனவே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாலோ, அது சேற்றில் வழுக்கினாலோ, மற்றொரு சக்கரம் உருண்டு வண்டி நகர்ந்துவிடும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு நிறுத்தினால் முன்னச்சும் அதே டிரம்மோடு பிணைக்கப்படுவதால் இந்த ஆபத்து பெரிதும் குறையும், அடியோடு நீங்காது.

இரண்டாவது வழி, பின்சக்கரங்களிலேயே டிரம் வைத்துக் கேபிள் கொண்டு இழுப்பது. பெரும்பாலான கார்களில் நாம் பார்த்திருப்பது இதுதான். சக்கரத்தையே நேராகப் பிடிப்பதால் டிஃபரன்ஷியலின் தொல்லை இல்லை. தண்டைக் கழற்றினாலும் வண்டி நிற்கும். ஆனால் ஆற்றில் இறங்கி ஏறும் வண்டியில் நீரும் சேறும் டிரம்முக்குள் புகும். இரண்டு கேபிள்களும் ஒத்த இழுப்பில் இருக்க வேண்டும். துருப்பிடித்தால் ஒன்று இறுகும், மற்றொன்று தொங்கும். பழைய ஜீப்புக்கு இதைச் செய்ய வேண்டுமானால் பின்னச்சையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, டிஸ்க்கைக் கையால் பிடிக்கும் ஏற்பாடு. டிஸ்க்கின் காலிப்பரிலேயே நெம்புகோல் வைத்தது ஒரு வகை. டிஸ்க்கின் நடுக்குழிவில் சிறிய டிரம் ஒன்றைத் தனியே வைத்தது மற்றொரு வகை. இவற்றில் முதல் வகையில் மலைநாட்டார் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதித்து வந்த வண்டியின் டிஸ்க் கொதிக்கும். சூட்டில் தடித்த தகடு ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் பிடி தளரும். நிறுத்தும்போது அசையாமல் நின்ற வண்டி, தேநீர் குடித்துத் திரும்பும்போது நகர்ந்திருக்கும். டிரம்மிலோ நேர்மாறு: சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கிக் கட்டைகளின் மேல் மேலும் இறுகும். இந்தச் சிறு வேறுபாட்டை அறியாமல் எத்தனை வண்டிகள் உருண்டனவோ!

நான்காவது, தண்டின் மேல் டிரம்முக்குப் பதிலாகச் சிறிய டிஸ்க்கும் காலிப்பரும் வைப்பது. மாற்றியமைத்த வண்டிகளில் இதைப் பலர் விரும்புகின்றனர். இடம் குறைவு, 5.38 மடங்கு என்ற அதே அனுகூலம். டிஃபரன்ஷியலின் குறையும் அதேதான். ஐந்தாவது, பிரேக் எண்ணெய்க் குழாயில் ஒரு வால்வை வைத்து, மிதித்த அழுத்தத்தை அப்படியே அடைத்துவிடுவது. மலிவானது, எளிதானது. பாறைகளில் ஏறி விளையாடுவோர் ஒரு நிமிடம் நிற்க அது உதவும். ஆனால் அழுத்தம் சூட்டுக்கும் குளிருக்கும் மாறும், சிறு கசிவிலும் இறங்கும். மேலும் அது இரண்டாவது தடை அன்று. முதல் தடையின் நிழல். அந்தக் குழாய் உடைந்தால் இரண்டும் ஒருசேரப் போகும். மிஸ்திரி இதைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: “அண்ணா, அதை நம்பி என் பேரனை வண்டிக்குப் பின்னால் நிற்க விட மாட்டேன்.”

சட்டத்தையும் மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 126ஆவது பிரிவு, ஓட்டுநர் ஆசனத்தில் ஆள் இல்லாதபோது வண்டி தற்செயலாக நகராதபடி பிரேக்கைப் போட்டோ, வேறு ஏற்பாடு செய்தோ வைக்க வேண்டும் என்கிறது. வண்டியை உற்பத்தியாளர் அமைத்த விதத்திற்கு முரணாக மாற்றக்கூடாது என்பது 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை மீண்டும் உறுதி செய்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்தது. அதற்கும் வண்டி பெரிய மாற்றமின்றிப் பழைய உருவில் இருக்க வேண்டும். வாடகைக்கோ சுமைக்கோ ஓட்டக்கூடாது.

மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாப்பிள்ளை, பழைய பெட்டியும் டிரம்மும் மாட்டுக் கொட்டகையில்தான் கிடக்கின்றன” என்றார். அதுவே முடிவாயிற்று. பழைய டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் புது ஆயில் சீல் போட்டு, கட்டைகளுக்குப் புது லைனிங் ஒட்டி, அதற்கிசைந்த கியர்ப் பெட்டியோடு திரும்பப் பூட்டினோம். பின்சக்கரங்களுக்கும் பழைய டிரம்களே வந்தன. ஓட்டத்தின் சுகம் கொஞ்சம் குறைந்தது என்பது உண்மை. அதைப் பற்றி மாமா ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

வேலை முடிந்ததும் மிஸ்திரி சோதித்த விதம் நினைவில் நிற்கிறது. வண்டியில் மூட்டைகளை ஏற்றச் செய்தார். சரிவில் மேல்நோக்கி நிறுத்தி, கைப்பிரேக்கை மட்டும் இழுத்து, சக்கரத்தின் அடியில் சுண்ணாம்பால் கோடு போட்டார். யாரையும் கீழ்ப்பக்கம் நிற்க விடவில்லை. அரை மணி கழித்துக் கோட்டைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக் கீழ்நோக்கி நிறுத்தி மறுபடியும் அதையே செய்தார். ஏனெனில் சில பிரேக்குகள் ஒரு திசையில் இறுக்கமாகவும் மறு திசையில் தளர்வாகவும் பிடிக்கும். இரண்டு முறையும் கோடு கலையவில்லை.

நிறுத்தும் முறையையும் அவர் சொல்லிக் கொடுத்தார். முதலில் கால்பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டே கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். பிறகு காலை மெல்ல எடுத்து, வண்டியின் பாரம் கைப்பிரேக்கில் அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பின்பே எஞ்சினை அணைத்துக் கியரில் போட வேண்டும். மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் பின்கியர். டிரான்ஸ்ஃபர் பிடி நடுநிலையில் இல்லை என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்களை மலைப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, நின்ற வண்டிக்கு மட்டும், ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டையைச் சக்கரத்தின் கீழே வைக்க வேண்டும். ஓடும் சக்கரத்திற்கு யாரும் எந்நாளும் கட்டை வைக்கக் கூடாது. வண்டி உருண்டால் உருளட்டும். இரும்பை மறுபடி வாங்கலாம்.

அந்தப் பையன் இன்று மறையூரில் ஒரு வெல்ல ஆலையில் கணக்கு எழுதுகிறான். நடையில் சிறு சாய்வு உண்டு. போன முறை பார்த்தபோது மாமாவின் வண்டியைச் சுற்றி வந்து, கைப்பிரேக் பிடியைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தான். “இப்போது பிடிக்கிறது, அண்ணா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் தில்லிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பழைய தமிழாக்கத்தைத் தேடி எடுத்தேன். ‘சேவைத் தடை’யை அடித்துவிட்டு ‘ஓட்டத் தடை’ என்று திருத்தக் குறிப்பு அனுப்பினேன். ‘நிறுத்துத் தடை’ என்பதை அப்படியே விட்டேன். ஆனால் அதன் அருகில், ஓட்டுநர் இல்லாதபோதும் வண்டியை அசையாமல் நிறுத்தி வைப்பது என்று ஒரு வரி விளக்கம் சேர்த்தேன். அந்த வரியை நான் அகராதியிலிருந்து எடுக்கவில்லை.

நேயர்களே, நம்மில் பலர் பம்பாயிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் பிழைப்பை நடத்திக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறோம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை, ஏதோ ஒரு பழைய ஜீப் நம்மைச் சுமந்து செல்கிறது. அடுத்த முறை அப்படி ஏறும்போது ஓட்டுநரிடம் நலம் விசாரித்துவிட்டு, கைப்பிரேக் பிடிக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டிக்குப் பின்னால் கல்லோடு ஒரு பையன் நிற்பதைக் கண்டால், அவனை அருகில் அழைத்து வண்டிக்குள் உட்காரச் சொல்லுங்கள்.